டாக்டர் ஹண்டரின் கூடுதல் பொறுப்பு

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சந்தின் முனையில் எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக் இருந்தது. முன்னறையில் இரண்டு பெஞ்சு, நடுவில் டாக்டர், மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர். அதற்கும் பின்னால் ஒரு கதவு. அது எப்போதும் சாத்தியே இருக்கும். சில நாள் சாயங்காலம் அதன் கீழ் இடுக்கில் சிவப்பு வெளிச்சம் கசியும். தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சாமி விளக்கு என்பார் ஒருவர், ஏதோ ஆராய்ச்சி என்பார் இன்னொருவர். உண்மையில் அது அவருடைய டார்க் ரூம்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் சைக்கிளில் காசிமேட்டுக்கோ திருவொற்றியூர்க் கரைக்கோ போவார். கழுத்தில் ரோலிகார்டு கேமரா தொங்கும், குனிந்து மேலிருந்து பார்த்துப் படமெடுக்கும் வகை. எண்ணூர் உப்பளம், கட்டுமரம், வலை உலர்த்துகிறவர்கள் என்று எடுத்துவிட்டு எட்டரைக்குள் கிளினிக்குத் திரும்பிவிடுவார். ஞாயிறும் அவருக்கு விடுமுறை கிடையாது.

1977 மழைக்காலத்தில் ஓர் இரவு என் மூத்த மகளுக்கு ஜுரம் ஏறி உடம்பு கொதித்தது. மணி பத்துக்கு மேல். குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நானும் என் மனைவியும் ஓடினோம். கம்பவுண்டர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பின்கதவைத் தட்டினேன். "ஒரு நிமிஷம் தம்பி, கதவத் தொறந்துடாத" என்று உள்ளேயிருந்து குரல். அந்த ஒரு நிமிஷம் ஆறேழு நிமிஷம் ஆயிற்று. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அப்புறம் அவர் வந்தார். விரல் நுனியெல்லாம் பழுப்புக் கறை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு குழந்தையைப் பார்த்தார், மருந்து கொடுத்தார். மறுநாள் ஜுரம் இறங்கிவிட்டது. காசு வாங்கவில்லை. "உள்ள நாலு படம் தண்ணில கெடந்துச்சு. போட்டுட்டு வந்திருக்கணும், தப்புதான்" என்றார்.

என் மனைவி அதற்குப் பிறகு அவரிடம் போகவே இல்லை. நான் போய்க்கொண்டிருந்தேன். இது பற்றி எங்களுக்குள் வந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. "வைத்தியம் பாக்கறவருக்கு அந்த நேரத்துல படம் என்னத்துக்கு?" என்பாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு நூலகம் நூலகமாக உட்கார்ந்து பழைய மெட்ராஸைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான், இந்தக் கேள்வி எங்கள் சந்தில் பிறந்தது அல்ல என்று தெரிந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிற கேள்வி. அதுவும் கல்மண்டபத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் எழுந்த கேள்வி.

இன்றைய பிரகாசம் சாலைக்குப் பழைய பெயர் போபம்ஸ் பிராட்வே. நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் அது பிராட்வேதான். அங்கே 1850-ல் ஒரு டாக்டர் தன் கைக்காசைப் போட்டு ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெயர் அலெக்சாண்டர் ஹண்டர். கம்பெனியின் மெட்ராஸ் மருத்துவப் பணியில் சர்ஜன். ஸ்காட்லாந்தில் மருத்துவம் படித்தவர், கூடவே சித்திரமும் கற்றவர். அடுத்த வருஷமே, 1851-ல், தொழிற்பள்ளி ஒன்றையும் சேர்த்தார். சில ஆண்டுகளில் அரசாங்கம் பள்ளியை எடுத்துக்கொண்டது. பிறகு அது பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போனது. இப்போது எழும்பூர்ப் பக்கம் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான்.

ஹண்டருக்கு மண், களிமண், நார், சாயம், கல் என்று எதைப் பார்த்தாலும் இதிலிருந்து என்ன செய்யலாம் என்ற எண்ணம் வரும். அப்படிப்பட்டவர் கண்ணில் கேமரா பட்டால் விடுவாரா? பள்ளியில் சித்திரம், செதுக்கு வேலை, மண்பாண்டம் இவற்றோடு போட்டோ எடுக்கவும் கற்றுக்கொடுத்தார். 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். (சில பதிவுகளில் 1857 என்று இருக்கிறது. ஆபீஸ் கோப்பானால் சரிபார்த்து வா என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.) தலைவராக இருந்தவர் வால்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களை மெட்ராஸுக்குக் கொண்டுவந்த அதே சிவிலியன். அந்த 1856 ஜூலை 1-ந் தேதிதான் நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பியது. ரயில் போன கதையை ராயபுரத்துக்காரர்கள் எல்லோரும் சொல்வோம். கேமரா வந்த கதையை ஒருவரும் சொல்வதில்லை.

நான் நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அரசாங்க ஆபீசில் எழுத்தராக இருந்தவன். ஹண்டரைப் பற்றிப் படிக்கையில் எனக்கு முதலில் வந்த சொல் 'கூடுதல் பொறுப்பு'. ஓர் அதிகாரி தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு நாற்காலியையும் கவனித்தால் எங்கள் ஆபீசில் அப்படித்தான் உத்தரவு போடுவோம். முதலில் சர்ஜன், கூடுதலாகப் பள்ளி. போகப் போக எது முதல், எது கூடுதல் என்று தெரியாமல் போயிற்று. இருபது வருஷம் போல அந்தப் பள்ளியோடுதான் அவர் வாழ்வு.

சரி, ஏன் டாக்டர்கள்? அந்தக் காலத்தில் ராணுவத்தில் எத்தனையோ பேர், கலெக்டர் ஆபீசில் எத்தனையோ பேர். அவர்களிலும் சிலர் படமெடுத்தார்கள். ஆனாலும் இந்தியாவின் முதல் இருபது வருஷப் போட்டோ வரலாற்றை எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் டாக்டர் வருகிறார். காரணம் மருந்துப் பெட்டி. இதை விளக்காமல் மேலே போக எனக்கு மனமில்லை.

அப்போது படமெடுக்க வேண்டுமானால் கடையில் பிலிம் வாங்க முடியாது. எல்லாவற்றையும் தானே காய்ச்சிக் கலக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் பூசும் பசைக்குக் கொலோடியன் என்று பெயர். வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கிடைப்பது. 1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் அதைப் போட்டோவுக்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். ஆனால் அதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பே அமெரிக்காவில் காயத்தின் மேல் பூசி மூடுகிற மருந்தாக அது வந்துவிட்டது. ஈதர், ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பது. பொட்டாசியம் அயோடைடு, கழுத்துக் கட்டிக்குக் கொடுப்பது. பாதரச உப்பும் டாக்டரிடம் உண்டு. படத்துக்கு உயிரான சில்வர் நைட்ரேட், புண்ணைச் சுட்டு ஆற்றுவதற்கு டாக்டர் வைத்திருக்கும் குச்சி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வேதியியல் வாத்தியார் அதன் பழைய பிரெஞ்சுப் பெயரைச் சொல்லி எங்களைப் பயமுறுத்துவார்: 'பியேர் ஆன்ஃபெர்னால்'. நரகக் கல். தோலில் பட்டால் கறுத்துவிடும், நாள் கணக்கில் போகாது.

படத்தைத் துலக்கிக் காட்டும் மருந்து என்ன தெரியுமா? அன்னபேதி. நம் நாட்டு மருந்துக் கடையில் பச்சை நிறக் கட்டியாக விற்கும் அதே அன்னபேதிதான், இரும்பு சல்பேட். சோகைக்கு நம் சித்த வைத்தியர்கள் அதைச் செந்தூரமாக்கித் தந்தார்கள், ஆங்கில டாக்டர்கள் மாத்திரையாகத் தந்தார்கள். ஹண்டர் காலத்து டாக்டர் அதே உப்பைத் தண்ணீரில் கரைத்து, ஒளி பட்ட தகட்டின் மேல் ஊற்றினால் படம் எழுந்து வரும். ஆக, தனியாகப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. காலையில் நோயாளிக்குத் திறந்த அலமாரியை மாலையில் கேமராவுக்குத் திறக்க வேண்டியதுதான். கலக்கவும் நிறுக்கவும் பழகிய கை வேறு.

சாமான் இருந்தது. நேரம்தான் இல்லை. கொலோடியன் முறைக்கு ஈரத்தட்டு என்று பெயர். தட்டில் பூசி, வெள்ளிக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் போட்டுப் படமெடுத்து, உடனே இருட்டறைக்குள் கொண்டுபோய்த் துலக்க வேண்டும். குளிர் தேசத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் கிடைக்கும். மெட்ராஸில்? ஈதர் கொதிக்கிற சூடு ஏறத்தாழ 35 டிகிரி. நம் சித்திரை வெயில் அதற்கு மேலே போகும். குப்பியைத் திறந்தால் பாதி ஆவியாகிவிடும். கையில் தட்டோடு நிற்கும்போது ஆள் வந்து, "டாக்டர், அவசரம்" என்றால் இரண்டில் ஒன்று போக வேண்டியதுதான். என் மனைவியின் கேள்வி அங்கேயே இருந்திருக்கிறது பாருங்கள்.

தண்ணீரும் ஒரு தொல்லை. வடசென்னைக் கிணற்றுத் தண்ணீரின் குணம் உங்களுக்குத் தெரியும். உப்புக்கரித்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைப் போட்டால் பால் போலத் திரிந்துவிடும், பிறகு அது எதற்கும் ஆகாது. நல்ல வேளையாக பிராட்வேக்குப் பக்கத்தில்தான் ஏழுகிணறு. 1772-லிருந்து கோட்டைக்கே குடிநீர் கொடுத்த கிணறுகள்.

வெயிலுக்கு வழி காட்டியது பிரான்ஸ். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் இதைச் சொல்லாமல் விடுவேனா! கஸ்தாவ் ல கிரே என்பவர் காகிதத்தில் தேன்மெழுகு ஏற்றி, முன்னமேயே தயார் செய்து வைத்துக்கொள்ளும் முறையை 1851-ல் வெளியிட்டார். எடுத்த பிறகும் சில நாள் கழித்துத் துலக்கலாம். இந்தியாவில் வெயிலில் அலைந்தவர்கள் பலர் காகித நெகடிவையே நம்பினார்கள்.

ஹண்டருக்கு முன்னும் பின்னும் இந்த வரிசையில் யார் யார் என்று பார்ப்போம். 1839-ல் பிரான்சில் தாகேரின் முறை வெளியான அதே வருஷம், கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் டாக்டர் ஓஷானெஸி, ஒளிபட்டுக் கறுக்கும் காகிதத்தில் தான் செய்த சோதனைகளை ஆசியக் கழகத்தில் காட்டினார். அயர்லாந்துக்காரர். காலராவில் வற்றிப்போன உடம்புக்கு உப்புநீரை ரத்தத்தில் ஏற்ற வேண்டும் என்று முதலில் யோசனை சொன்னவர்களில் ஒருவர். பிற்பாடு இந்தியா முழுக்கத் தந்திக் கம்பி போட்டதும் அவரே. நம்முடைய தபால் தந்தி ஆபீஸ் நண்பர்கள் அவரைக் கும்பிட வேண்டும்.

ஜான் மக்காஷ் என்று வங்காளப் படை சர்ஜன் ஒருவர். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கி உயிர் பிழைத்த ஆள். 1840களிலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு பட்டாளத்தோடு போனவர். இரண்டாம் சீக்கியப் போர், அடுத்து பர்மா யுத்தம், இரண்டிலும் படமெடுத்தார். சிறுவனாக இருந்த மகாராஜா துலீப் சிங்கையும் எடுத்திருக்கிறார். அவர் ஆல்பம் இன்று லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் 1856-ல், ஆமாம், அதே 1856-ல், இந்தியாவுக்கு வரும் அதிகாரிகளுக்கு ஆலோசனைப் புத்தகம் ஒன்று போட்டார். அதில் உதவி சர்ஜன் ஒவ்வொருவரும் போட்டோகிராபியை முழுதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், செலவும் சிரமமும் மிகுதிதான், ஆனாலும் தொழிலுக்கு வெளியே இதைவிடப் பலன் தருவது வேறில்லை என்று எழுதினார். ஒரு டாக்டர் மற்ற டாக்டர்களுக்கு எழுதியது இது. நோயாளிகளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

ஆக்ராவில் டாக்டர் ஜான் மர்ரே. மருத்துவப் பள்ளி, காலரா என்று அவருக்குத் தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவில் தாஜ்மகாலையும் கோட்டையையும் பெரிய பெரிய காகித நெகடிவில் எடுத்தார். 1857, 58-ல் அவை லண்டனில் காட்சிக்கும் விற்பனைக்கும் போயின. காலராவைப் பற்றி அவர் எழுதியதை இன்று யார் படிக்கிறார்கள்? தாஜ்மகால் படங்கள் மட்டும் உலகத்து மியூசியங்களில் இருக்கின்றன.

எனக்குப் பிடித்த ஆசாமி டாக்டர் பிகோ. பம்பாய் மருத்துவப் பணி. தார்வார், மைசூர்ப் பக்கத்துக் கோயில்களைப் படமெடுக்க அரசாங்கம் 1855-ல் கேப்டன் பிக்ஸ் என்பவரைப் போட்டது. பிக்ஸை ராணுவம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர் பிகோ. அதாவது ஒரு டாக்டரை அரசாங்கமே உத்தரவு போட்டுப் படமெடுக்க அனுப்பியது! எங்கள் பாஷையில் அயற்பணி. அவருக்கு மட்டும்தான் ஆசையும் சம்பளமும் ஒரே பட்டியலில் வந்தன. ஆனால் 1858-ல் இறந்துபோனார். படங்கள் புத்தகமாக வந்தது 1866-ல். அதே புத்தகத்தில் மெட்ராஸ் படையின் டாக்டர் நீல் எடுத்த ஹளேபீடு, பேலூர்ப் படங்களும் உண்டு. (மவுண்ட் ரோட்டில் சிலையாக நின்று, 1937-ல் அகற்றப்பட்டாரே, அந்த நீல் அல்ல இவர்.)

எல்லாம் வெள்ளைக்காரர்கள்தானா என்று கேட்கலாம். பம்பாயில் டாக்டர் நாராயண் தாஜி இருந்தார். புகழ்பெற்ற பாவ் தாஜியின் தம்பி. அண்ணனும் தம்பியும் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர்கள். பம்பாய் போட்டோகிராபிக் சொசைட்டி 1854-ல் தொடங்கியது. நாராயண் தாஜி அதன் கண்காட்சியில் தன் படங்களை வைத்தார், நிர்வாகக் குழுவிலும் இருந்தார். நோயாளிகள் நிறைய வருகிற டாக்டர். பகலில் வைத்தியம், மீதி நேரத்தில் கேமரா. நம் கல்மண்டபம் டாக்டருக்கு உண்மையான முன்னோடி அவர்தான் என்பேன்.

ஈரத்தட்டின் அவசரம் தீர்ந்த கதையும் ஒரு டாக்டரின் கதைதான். ரிச்சர்டு லீச் மேடக்ஸ், இங்கிலாந்து. ஹண்டர் பிறந்த அதே 1816-ல் பிறந்தவர். நுண்ணோக்கியில் தெரிவதைப் படமெடுப்பதில் பைத்தியம். ஏற்கெனவே சீக்காளி, கொலோடியனிலிருந்து எழும் ஈதர் ஆவி அவர் உடம்பை இன்னும் கெடுத்தது. சுவாசிக்க முடியாமல் வேறு பசை ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து தட்டில் பூசி, காய்ந்த பிறகும் அது வேலை செய்வதைக் கண்டார். 1871 செப்டம்பர் 8 பிரிட்டிஷ் போட்டோகிராபிப் பத்திரிகையில் எழுதினார். காப்புரிமை கேட்கவில்லை. உலகம் எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் கையில் காசில்லாமல் இருந்தவருக்கு மற்றவர்கள் நிதி திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. நாமெல்லாம் பிலிம் ரோல் போட்டு எடுத்தோமே, அதன் மேல் இருந்தது மேடக்ஸ் கண்ட அந்த ஜெலட்டின் பூச்சுதான். அதற்குப் பிறகு ஞாயிறு எடுத்த படத்தைச் செவ்வாய் இரவு துலக்கலாம். கதவைத் தட்டும் நோயாளிக்காக ஓடலாம். இருட்டறையில் காகிதம் தண்ணீரில் கிடக்கிற அந்த ஐந்தாறு நிமிஷம் மட்டும்தான் மிச்சம். எங்கள் டாக்டர் மாட்டிக்கொண்டது அந்த மிச்சத்தில்.

ஒரு பிரெஞ்சு டாக்டரையும் சொல்லிவிட்டு மெட்ராஸுக்குத் திரும்புகிறேன். எத்தியேன் ழூல் மாரே. நாடித் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைகிற கருவி செய்தவர். துடிப்பிலிருந்து நடை, நடையிலிருந்து பறவையின் சிறகடிப்பு என்று போனார். 1882-ல் துப்பாக்கி மாதிரி ஒரு கேமரா செய்து விநாடிக்குப் பன்னிரண்டு படம் எடுத்தார். சினிமாவுக்கு அது ஒரு வாசல். அவருக்குப் படமெடுப்பதும் வைத்திய ஆராய்ச்சியும் வேறு வேறாகவே இல்லை. அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்க்காது.

ஹண்டருக்கு வாய்த்தது வேறு மாதிரி. அவர் இரண்டையும் சரிசமமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார் என்று சொல்ல மாட்டேன். தராசு சாய்ந்தது, பள்ளிப் பக்கம் சாய்ந்தது. ஒரு நல்ல சர்ஜனை மெட்ராஸ் பாதி இழந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்குக் கிடைத்தது என்ன?

மெட்ராஸ் மாகாணத்துக்கு அரசாங்கப் போட்டோகிராபராக 1856-ல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் நியமிக்கப்பட்டார். டாக்டர் அல்ல, ராணுவ அதிகாரி. ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய் எடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். நாலே வருஷம். கவர்னர் டிரெவெல்யன் வந்தார், இதெல்லாம் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று அந்தப் பிரிவையே மூடினார். சிக்கன உத்தரவு எப்போதும் இப்படித்தான், முதலில் கை வைப்பது எதில் என்று எங்களுக்குத் தெரியாதா?

டிரைப் போனார். ஆனால் அவருக்கு உதவியாக இருந்த ஒரு தமிழர், ஐயாசாமி என்று பெயர், தொழிலோடு இங்கேயே நின்றார். ஹண்டரின் பள்ளி அவருக்கு இடம் கொடுத்தது. அங்கே போட்டோகிராபி கற்றுக்கொடுத்தார். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் எழுதிய, தோடர், கோத்தர் முதலிய மலைமக்களைப் பற்றிய புத்தகம் 1873-ல் வெளிவந்தது. அதற்குப் படங்கள் போனது இந்தப் பள்ளியிலிருந்துதான். அரசாங்கம் ஆடம்பரம் என்று மூடியதை, ஒரு சர்ஜன் கைக்காசில் தொடங்கிய பள்ளி மூடாமல் வைத்திருந்தது. மெட்ராஸ் பையன்கள் சம்பளத்துக்குக் கேமரா பிடிக்கக் கற்றார்கள். ஹண்டர் மருத்துவமனையில் நின்றிருந்தால் எத்தனை பேரைப் பிழைக்க வைத்திருப்பார் என்று யாரும் கணக்குப் போட முடியாது. இந்தக் கணக்கை மட்டும் போடலாம்.

இதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "அவரு ஊருக்குப் பள்ளிக்கூடம் வெச்சாரு. நம்ம டாக்டரு யாருக்கு என்ன வெச்சாரு?" என்றாள்.

அதற்குத்தான் எனக்கு மனசு கஷ்டம். எங்கள் டாக்டர் 1960களிலிருந்து எடுத்தவர். அப்போது காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் கிடையாது, திறந்த கரைதான். துறைமுகச் சுவர் எழுந்த நாளிலிருந்து தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று, வடக்கே நம் பக்கம் கடல் அரித்துக்கொண்டே வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனை தெரு, எத்தனை வீடு உள்ளே போயிற்று என்று இந்தப் பக்கத்து வயதானவர்களைக் கேளுங்கள். இப்போது இருப்பது கருங்கல் குவியல். கல் போடுமுன் இருந்த கரையையும், அதில் நின்ற வீடுகளையும், 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கு முன் இருந்த வானத்தையும் வருஷாவருஷம் எடுத்து வைத்திருந்தார். தேதியோடு, வரிசையாக, மருந்து அட்டைப் பெட்டிகளில். ஊட்டி பாக்டரியின் இந்து பிலிம். எக்ஸ்ரே பிலிமும் அதே பாக்டரியில்தான் செய்தார்கள்.

1990களின் நடுவில் அவர் காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டில். கிளினிக்கைக் காலி செய்த வாரம் நான் ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்து கம்பவுண்டரைப் பார்த்தபோது சொன்னார்: "எக்ஸ்ரே பிலிம் வாங்கறவன் வந்தான் சார். வெள்ளி எடுப்பானுங்களாம். டாக்டரய்யா பெட்டியில இருந்ததும் பிலிமுதானேன்னு சேத்து எடை போட்டுட்டாங்க." நோயாளிகளின் நெஞ்செலும்பும் திருவொற்றியூர்க் கரையும் ஒரே கோணியில் கிலோக் கணக்கில் போயின. எத்தனை ரூபாய் என்று நான் கேட்கவில்லை.

என்னிடம் ஒரு படம் இருக்கிறது. அந்த ஜுர ராத்திரிக்குப் பிறகு ஒரு நாள் கிளினிக்கில் கையில் கொடுத்தார். அன்று தண்ணீரில் கிடந்த நாலில் ஒன்று இது என்றார். கரையோரம் ஓர் ஓட்டு வீடு, திண்ணையில் வலை பின்னும் கிழவர், பின்னால் அலை. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கடல். பின்பக்கம் மருந்துச் சீட்டில் குத்துகிற அதே ரப்பர் ஸ்டாம்பைக் குத்தியிருக்கிறார், பெயரும் பதிவு எண்ணும். வேறு ஸ்டாம்ப் அவரிடம் கிடையாது.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது என் மனைவி அந்தப் படத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துணியால் துடைத்து, மகளின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னாள்.